பொத்துவில் ராத்தாவுக்குப் பூனைக்குட்டி தெரிவு செய்த விபரம்

786

சாய்ந்தமருது,
1979 ஏப்ரல் 5, வியாழக்கிழமை.

அன்பும் கண்ணியமும் நிறைந்த ராத்தா ஆயிஷா உம்மா அவர்களின் சமுகத்துக்குத் தம்பி அப்துல் ஸமட் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத் தொடங்கிவிட்டு, அது முழு உண்மைதானா என்ற சந்தேகத்தில் என் வீட்டுக்காரி முனவ்வறாவைக் கேட்டேன். என் முழங்கால் நோவை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சுகம் என்று எழுதச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். என்னுடைய சுகத்தைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. அபாயக் காலம் நேற்றுப் பின்னேரத்துடன் முடிந்துவிட்டபடியால் நீங்கள் இந்த இடத்தில் பதறாமல் தொடர்ந்து கேட்க வேண்டுகிறேன். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் ஓதுகிற பிள்ளைக்கும் என் ஸலாம். அந்தப் பிள்ளை அவசரப்படாமல் வாசிக்கட்டும். அவசரமாக வாசித்தால் நான் எழுதியதைவிடப் பயங்கரமாகக் கேட்கும்.

உங்கள் கடிதம் மார்ச் 22ஆம் திகதி கிடைத்தது. போன நவம்பர்ச் சூறாவளியன்று வெளியே போன உங்கள் பூனை திரும்பி வரவில்லை என்றும், குர்ஆன் ஓத வரும் பெண்பிள்ளைகளின் காலடியில் எலி ஓடுகிறது என்றும், அடக்கமானதும் நோய் நொடியில்லாததுமான குட்டியொன்றை நானே பார்த்து எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். "நீயே பார்த்து எடு" என்ற இடத்தை மூன்று தரம் வாசித்தேன். மூத்த சகோதரி ஒருவர் இப்படி நம்பிக்கை வைத்தால் வேறு யாருக்கும் சந்தோசம் வரும். எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் உங்கள் விடயத்தில் என்னை இப்படிப் பார்க்கச் சொன்னது இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான். அது 1933ஆம் ஆண்டு. பார்க்கச் சொன்னவர் வாப்பா. பார்க்கப்பட்டவர் உங்களுக்கு மாப்பிள்ளையாக வந்த மர்ஹூம் அச்சிமுகம்மது மச்சான்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. குடும்பத்தில் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன் என்பதால் என் கண்ணும் படித்த கண் என்று வாப்பா நினைத்துவிட்டார். பொத்துவிலுக்குப் போய் லுஹர் தொழுகையிலிருந்து அஸர் தொழுகை வரைக்கும் மச்சானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் எதைக் கேட்டாலும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வந்து வாப்பாவுக்கு எழுத்தில் கொடுத்தேன்: "அடக்கமானவர், எதற்கும் இசைந்து போகிறவர், தேக சுகம் திருப்தி." அன்றைக்கு மச்சானுக்குக் கடைவாய்ப் பல்வலி என்பது கலியாணம் முடிந்து இரண்டாம் நாள்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அன்றே பல்லைப் பிடுங்கினார்கள், மூன்றாம் நாள் அவர் கதைக்கத் தொடங்கினார், அதன் பிறகு நாற்பத்திரண்டு வருடம் நிறுத்தவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. நம்முடைய ஊர்களில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். வாப்பாவும் உங்களுக்கென்று சாய்ந்தமருதில் வீடு கட்டி வெள்ளையடித்து வைத்திருந்தார். என்ட எருமைகள விட்டுட்டு ஓரடி வரமாட்டன் என்று மச்சான் பல் பிடுங்கிய வாயால் சொல்லிவிட்டார். எதற்கும் இசைந்து போகிறவர் என்று நான் எழுதிக் கொடுத்திருந்த தாளை வாப்பா ஒருமுறை எடுத்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு பொத்துவிலில் இன்னொரு வீடு கட்டினார். உங்களுக்கும் எனக்கும் இடையில் நாற்பது மைல் வந்தது என்னுடைய ஓர் அறிக்கையால்தான். நீங்கள் இதை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். நான் ஒருநாளும் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை.

அதோடு சூறாவளி விடயமும் இருக்கிறது. சூறாவளி கழிந்து நான் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில், பறந்த ஓடு எத்தனை, முறிந்த கூரைமரம் எத்தனை, கிணற்றுக்கட்டு, மாட்டுக்கொட்டில், தேக சேதம் என்று கட்டம் கீறிய படிவம் ஒன்றை வைத்து, நிரப்பித் திருப்பி அனுப்பும்படி கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. ஓடு எண்ணி முடியவில்லையாக்கும் என்று ஒரு மாதம் இருந்தேன். கூடப்பிறந்த ராத்தாவுக்குப் போம் அனுப்பிற மனிசன் உலகத்துல உண்டா என்று முனவ்வறா கேட்டாள். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் குளத்து நீர்மட்டம் பதிந்தவன் வேறு எந்த முறையில் சுகம் விசாரிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. ஆக, நாலு மாதத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இந்தப் பூனைக் கடிதம். இதுவும் என் கையால் பிழையாகிப் போனால் இனி நீங்கள் என்னிடம் எதையும் கேட்கமாட்டீர்கள் என்ற பயத்தோடுதான் நான் காரியத்தில் இறங்கினேன். இனி நடந்ததைச் சொல்லுகிறேன்.

காரைதீவில் சிவக்கொழுந்து அக்கா என்று இளைப்பாறிய அரசாங்க மருத்துவிச்சி ஒருவர் இருக்கிறார். என் மூத்த மகளை இந்த உலகத்துக்கு எடுத்தது அவர்தான். சூறாவளிக்குப் பிறகு கூரை போன வீடுகளின் பூனைகளெல்லாம் அவருடைய பாதிச் சுவர் நின்ற குசினிக்குள் ஒதுங்க, அவர் மீன்வலையால் ஒரு மறைப்புக் கட்டி, தாயில்லாத குட்டிகளுக்குப் பஞ்சு நனைத்துப் பால் கொடுத்து, இப்போது பதினேழு உருப்படி வளர்க்கிறார். ஊரார் அதைப் பூனை ஆசுப்பத்திரி என்கிறார்கள். தேறிய குட்டிகளைக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார். ஆனால் போகிற வீடு எப்படிப்பட்டது என்று விசாரிக்காமல் கொடுக்கமாட்டார். இந்த இரண்டாவது விடயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு, நீட்டுத்தாள் ஒன்றில் குணம், கண், காது, வயிறு, நடை, எலிபிடிக்கும் ஆற்றல் என்று கட்டம் கீறிக்கொண்டு சைக்கிளில் போனேன். சிவக்கொழுந்து அக்கா தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கிளாக்கர் தம்பி பூன பாக்க வந்ததோ, பூனைக்குச் சோதின வைக்க வந்ததோ?"

இரண்டுக்கும்தான் என்றேன். அவர் என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, பூனையிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை, நான் உங்களைக் கேட்கிறேன் என்று தொடங்கினார். ராத்தா வீட்டில் நாய் உண்டா, கிழமைக்கு எத்தனை நாள் மீன் வாங்குவார், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, எருமை மிதிக்குமா என்றெல்லாம் கேட்டார். மச்சான் மௌத்தான பிறகு எருமைகளை விற்றாயிற்று என்றும், ராத்தா தனியாக இருக்கிறார் என்றும் சொன்னேன். அதன் பிறகு அவர், நான் கடைசியாகப் பொத்துவிலுக்குப் போனது எப்போது என்று கேட்டார். ரோட்டுப் பழுதாகக் கிடந்தது என்றேன். அது உண்மைதான், டிசம்பரில் பழுதாகத்தான் கிடந்தது. அவர் மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போய் மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து விறாந்தையில் விட்டார்.

முதலாவது செவலைக் கடுவன். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, பள்ளிவாசலில் பயான் கேட்கிறவரைப் போல. இரண்டாவது சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி, பெட்டை. நாலு காலும் சுண்ணாம்பில் தோய்த்தது போல வெள்ளை, சூறாவளியில் ஒரு காது நுனி கிழிந்திருந்தது. விறாந்தைக்கு வந்த நிமிசத்திலிருந்து அது கத்தியது. பசியில்லை, நோவில்லை, சும்மா கத்தியது. மூன்றாவது வெள்ளை, கண்ணில் பீளை, என்னுடைய தாளின் மேல் ஏறி நின்று இரண்டு தும்மல் போட்டது. நீங்கள் கேட்டதோ அடக்கம், நோயின்மை. ஒரு பார்வையிலேயே செவலைதான் என்று முடிவாகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பார்வையில் முடிவு செய்ததன் விளைவு எனக்குத் தெரியுமல்லவா. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து முறைப்படி பரிசோதிப்பதாகச் சொல்லி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை பின்வருமாறு நடந்தது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பதற்காக என் சாவிக்கொத்தைக் குட்டிகளுக்குப் பின்னால் தரையில் போட்டேன். செவலை அசையவில்லை, வெள்ளை தும்மியது, வரிக்குட்டி ஒரே பாய்ச்சலில் சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு நெல்லுப்பெட்டிக்குக் கீழே போய்விட்டது. அதை எடுக்க, இந்த அறுபத்துநாலு வயதில், கஞ்சி போட்ட வெள்ளைச் சாரனோடு நான் நிலத்தில் குப்புறப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வளவுப் பெண்கள் இருவர் வேலியால் எட்டிப் பார்த்து, நெல்லுப்பெட்டி திருத்த ஓடாவியார் வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். சாவி கிடைத்தது. அதன் பிறகு பல்முரசு சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மச்சான் எருமைக்கு வாய் திறந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். செவலை வாயைத் திறக்க விட்டது. வெள்ளையும் விட்டது. வரிக்குட்டி என் வலது கைச் சுட்டுவிரலைக் கடித்தது. இரத்தம் வந்தது, ராத்தா. அதிகமில்லை, கட்டத்துக்குள் ஒரு துளி, "குணம்" என்ற கட்டத்துக்குள்.

நான் நேரே மருந்து கட்டும் பாக்கியராசா வீட்டுக்கு ஓடினேன். அவர் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடித்தது நாயா பூனையா என்று விசாரித்து, விசர்நோய் இருக்கும் என்று எனக்குப் பயமென்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடலாம் என்றும், இல்லையென்றால் கடித்த பூனையைப் பத்து நாளைக்குக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஏதும் ஆனால் அந்த நிமிசமே ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னார்.

"பத்து நாளைக்குப் பூன உசிரோட இருந்தா நீங்களும் இருப்பீங்க காக்கா."

அண்ணன் முறை வைத்து நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஊசிக்கும் பூனைக்கும் இடையில் நான் பூனையைத் தெரிவு செய்தேன். இந்தக் காரியம் முழுவதிலும் நான் தயங்காமல் செய்த தெரிவு அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து நேற்றுவரை, தினமும் பின்னேரம் நாலரை மணிக்கு, கைக்குட்டையில் நாலு சூடைமீன் முடிந்துகொண்டு காரைதீவுக்குச் சைக்கிள் மிதித்தேன். என் சீவன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பூனையின் வீட்டுக்குப் போய்வர வேண்டிய நிலைமை. குறிப்பு வைத்திருக்கிறேன். 26ஆம் திகதி: சீவனுடன் உள்ளது, சத்தம் அதிகம். 27: அவ்வாறே. 28: மீன் தலையை முதலில் தின்றது. 29: தெருப்படலையடியில் நின்றது. 30: சைக்கிள் மணிக்குக் கத்திப் பதில் சொன்னது. 31ஆம் திகதி ஒரு ஜனாஸா அடக்கத்துக்குப் போனதால் இருபது நிமிசம் தாமதித்துப் போக, அது தெருவில் இறங்கி நின்று கத்திய கத்தில் சிவக்கொழுந்து அக்கா என்னை ஏசினார், தம்பி, வாற நேரத்துக்கு வாங்க, இல்லாட்டி வராதீங்க, இதுக்கு நான் என்ன சமாதானம் சொல்லுற என்று. ஏப்ரல் முதலாம் திகதி அது சத்தியெடுத்தது. நான் அங்கு நிற்கும்போதே எடுத்தது. ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பாக்கியராசா சொன்னதை மறந்து வீட்டுக்கு ஓடிவந்து, உறுதிகள் அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று முனவ்வறாவிடம் சொல்லி, யாருக்காவது மனம் நோகப் பேசியிருந்தால் மாப்புக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சிவக்கொழுந்து அக்கா ஆளனுப்பினார், அது பல்லி வாலைத் தின்றுவிட்டுக் கக்கியிருக்கிறது, இப்போது சோறு தின்கிறது என்று. முனவ்வறா தேத்தண்ணி போடப் போனாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன், அவள் அழவில்லை.

இதற்கிடையில் செவலையைப் பற்றி என் தாளில் எல்லாக் கட்டத்திலும் நல்ல குறிப்புத்தான் விழுந்துகொண்டிருந்தது. கத்தாது, கடிக்காது, போட்டதைத் தின்னும். ஏப்ரல் இரண்டாம் திகதி, எட்டாம் நாள், கடல் பக்கமிருந்து ஒரு காற்று எழும்பிக் குசினிக் கூரைத் தகரத்தைப் படபடவென்று அடித்தது. செவலையைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் நெல்லுப்பெட்டிக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடந்தது. வரிக்குட்டி கத்திக்கொண்டே உள்ளே போய் அதன் முதுகோடு முதுகை வைத்துப் படுத்தது. படுத்த பிறகும் கத்தியது. ஆனால் செவலையின் நடுக்கம் நின்றது. சூறாவளி நின்ற மூன்றாம் நாள், விழுந்து கிடந்த தென்னையின் ஓலை வட்டுக்குள்ளிருந்து தான் அந்தச் செவலையை எடுத்ததாகச் சிவக்கொழுந்து அக்கா சொன்னார். நான் என் தாளைக் காட்டி, அடக்கமான குட்டி என்றல்லவா பதிந்திருக்கிறேன் என்றேன்.

"அது அடக்கமில்ல தம்பி, பயம். நீங்க ரெண்டயும் ஒரு கட்டத்துக்குள்ள எழுதியிருக்கீங்க."

ராத்தா, அந்த விறாந்தைப் படியில் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வருடம் கழித்து, இத்தனை கட்டம் கீறி, ஒரு பூனைக்குட்டியிலும் நான் அதே பிழையைத்தான் விட்டிருக்கிறேன். தாளில் இருந்ததை அழித்தேன். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

வெள்ளையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேத்தண்ணிச் சாயத்தால் கழுவிக் கழுவி அதன் கண்ணைச் சிவக்கொழுந்து அக்கா சுகமாக்கிவிட்டார். வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று வாயால் சொல்கிறார். சொல்லும்போது அதைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்கிறார். நான் கேட்கப்போவதில்லை.

ஆக, மிஞ்சியிருப்பது பயந்த செவலையும், கத்துகிற வரிக்குட்டியும். வரிக்குட்டியின் தேக நிலையைப் பத்து நாள் குறிப்போடு என்னால் உறுதிப்படுத்த முடியும். இந்தக் கரையோரத்தில் இவ்வளவு கவனமாக அவதானிக்கப்பட்ட பூனை வேறு இருக்காது. ஆனால் குணம்? நீங்கள் கேட்ட அடக்கம் அதனிடம் மருந்துக்கும் இல்லை. அதோடு இன்னொன்றையும் நான் மறைக்கக்கூடாது. பத்து நாளும் தொழுகைக்குப் பிறகு ஒரு பூனையின் ஆயுளுக்காகத் துஆக் கேட்டவன் அந்தப் பூனையைப் பற்றி நடுநிலையாக எழுத முடியுமா என்பது சந்தேகம். எனக்கு அதைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்பதாலேயே அதைச் சிபாரிசு செய்யத் துணிவில்லை. நேற்று பத்தாம் நாள் முடிந்து, எனக்கு இனி ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகும் அதன் முன்னால் அரை மணித்தியாலம் குந்திக்கொண்டிருந்தேன். மீன் முடிந்த பிறகும் அது போகவில்லை.

இதையெல்லாம் முனவ்வறாவிடம் சொன்னேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்க, பொத்துவில்ல பூன இல்லயா?"

சூறாவளியில் அந்தப் பகுதிப் பூனைகளுக்கு என்ன சேதம் என்ற விபரம் நம்மிடம் இல்லை என்றேன். அவள் அரிசியைப் பார்த்துக்கொண்டே, பூனயப் பாக்கப் பத்து நாளும் சைக்கிள் மிதிக்க ஏலும் என்று தொடங்கிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள். அவள் இப்படிப் பாதியில் விடுகிற பேச்சுகளை நான் பின்னொரு நாளில் யோசிப்பதற்காக ஒதுக்கி வைப்பது வழக்கம்.

எனவே, இரு குட்டிகளின் விபரத்தையும் மேற்கண்டவாறு உங்கள் முடிவுக்காகச் சமர்ப்பிக்கிறேன். கந்தோரில் இருந்த காலத்திலும் இறுதி முடிவு நான் எடுத்ததில்லை. எந்த வாய்க்காலைத் திறப்பது என்பதை மேலே உள்ளவர்கள்தான் சொல்வார்கள், நான் நீர்மட்டத்தை மட்டும் எழுதுவேன். செவலையா வரியா என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால் போதும். குட்டியைக் கூடையில் வைத்துப் பொத்துவில் பஸ் கொண்டக்டரிடம் எழுத்திலான அறிவுறுத்தலுடன் ஒப்படைப்பேன். அதை நானே கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. இப்போதுதான் ஓடு மேய்ந்து முடிந்த வீட்டில் விருந்தாளி ஒருவர் வந்து இறங்குவது உங்களுக்குத் தொந்தரவு. அந்தத் தொந்தரவை நான் தரமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

உங்கள் இரண்டு கண்ணின் ஒளியையும், ஓதிக்கொடுக்கும் நாவின் பலத்தையும் அல்லாஹ் குறையாமல் வைத்திருப்பானாக. ஓதுகிற பிள்ளைகளை எலியிடமிருந்தும் காப்பானாக. மர்ஹூம் மச்சானின் கபுறை ஒளியாக்குவானாக. அவரைப் பற்றி மேலே எழுதியதை அவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன், இருந்திருந்தால் அவரே இன்னும் நீளமாகச் சொல்லியிருப்பார். முனவ்வறா ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்து, பதிலுக்குப் பயந்தும் இருக்கும் தம்பி,
அ. அப்துல் ஸமட்
(இளைப்பாறிய இலிகிதர், நீர்ப்பாசனக் கந்தோர்)

பி.கு.: வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. மேலே எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து இரத்தானதாகக் கருதவும். காரணம் வருமாறு. கடிதத்தை உறையில் போடுகிற நேரம், ராத்தா கேட்டது கடுவனா பெட்டையா என்று முனவ்வறா கேட்டாள். எனக்கும் திடீரென்று சந்தேகம் வந்து உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் உம்மா சொல்லித் தந்த மாதிரி தமிழை அறபு எழுத்தில்தான் எழுதுவீர்கள். இங்கிலீசு படிக்க மட்டக்களப்புக்குப் போன நான் அதை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத்தான் வாசிப்பேன். அப்படி விரல் வைத்துத் தாளின் நடுவில் இருந்த நாலு வரியையும் வாசித்தேன். ஓரத்தில், மேலிருந்து கீழாக, நெருக்கமாக ஒரு வரி ஓடியது. அதற்கு நான் விரல் வைக்கவில்லை. நமது மூத்தவர்கள் கடித ஓரத்தில் துஆ எழுதுவார்கள், அறபு எழுத்து வேறு, ஆகவே இதுவும் துஆதான் என்று முடிவு செய்து, நிலத்தில் படக்கூடாதென்று குர்ஆன் இருக்கும் தட்டில் வைத்து, பதினைந்து நாளாக ஒவ்வொரு நாளும் விடிய ஸுபஹு தொழுதுவிட்டு அந்த ஓரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தேன். முனவ்வறா தாளைப் பக்கவாட்டில் திருப்பினாள். உங்களைப் போல அவளும் அந்த எழுத்தைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி வாசிப்பாள். வாசித்துவிட்டுத் தாளை என் கையில் தந்தாள். பிறகு சொன்னாள்:

"இது கண்ணுல ஒத்துறத்துக்கு எழுதினதில்ல. உங்களுக்கு எழுதினது."

நீங்கள் எழுதியிருந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் நான் ஒருமுறை என் கையால் எழுதிப் பார்க்கிறேன்: "தம்பி, பூன உன்னக் கூப்பிட ஒரு சாட்டு. ரோட்டு எல்லாம் சரியாப் போச்சு. வந்து முகத்தக் காட்டிட்டுப் போ."

நாளைக் காலை பஸ்ஸுக்கு வருகிறேன். இக்கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டுவருகிறேன். பின்னேரம் காரைதீவுக்குப் போய் வரிக்குட்டியைத் தரும்படி கேட்டேன். யாருடைய முடிவு என்று சிவக்கொழுந்து அக்கா கேட்டார். என்னுடைய முடிவு என்றேன். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்காமல், பிரம்புக் கூடையைக் கொண்டு உள்ளே போய், மூடியைத் தானே கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஒரு பூனைக்கு இவ்வளவு பெரிய கூடை எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பின்னும் ஒரு குறிப்பு: சனிக்கிழமை, அக்கரைப்பற்று பஸ் ஸ்டாண்டில், பென்சிலால். கூடை நிந்தவூர் தாண்டும்வரை கத்தியது. பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அட்டாளைச்சேனைக்குப் பிறகு சத்தமில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே இறங்கியதும் வாங்கில் வைத்து, சீவன் இருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே இரண்டு. வரிக்குட்டி தூங்குகிறது. அதன் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு செவலையும் தூங்குகிறது. சிவக்கொழுந்து அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை, ராத்தா. இரண்டு பூனைக்கு நான் உங்களிடம் அனுமதி பெறவில்லை. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், காரைதீவு பஸ்ஸும் எதிரே நிற்கத்தான் செய்கிறது. ஆனால் எதைக் கொடுப்பது? மூடியைக் கட்டிவிட்டேன். வியர்வை துடைக்கக் கைக்குட்டை தேடிப் பையைத் திறந்தால் முனவ்வறா எனக்கு ஐந்து சாரன் வைத்திருக்கிறாள். முழங்கால் எண்ணெயும், சவரக் கத்தியும், என் மூக்குக்கண்ணாடியின் உபரிக் கூடும் இருக்கின்றன. நாளைப் பின்னேரம் திரும்பிவிடுவேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரு நாளுக்கு ஒன்றா, இரண்டு நாளுக்கு ஒன்றா என்று கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன். பொத்துவில் பஸ் வந்துவிட்டது.